மருந்துக்கடை மேசைக்கு இந்தப் பக்கம்

பினாங்கில் டத்தோ கெராமாட் பக்கம் ஒரு சிறிய மருந்தகத்தில் மருந்தாளராக இருக்கிறேன். நான் பெண் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையான தகவல். கடைக்குள் நுழையும் ஆண்களில் சிலர் என்னைக் கண்டதும் முதலில் கேட்பது, "அண்ணன் யாரும் இல்லையா?" என்பதுதான். இல்லை என்றால் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு பிளாஸ்டர் பெட்டியை எடுத்து, அதில் எழுதியிருப்பதைப் பரீட்சைக்குப் படிப்பதைப்போல் படித்துக்கொண்டு நிற்பார்கள். கடை காலியானதும் குரல் தாழும். "அக்கா, தெம்புக்கு ஏதாவது இருக்கிறதா?"

அவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அந்த வெட்கத்தை அவர்கள் பிறக்கும்போதே கொண்டுவரவில்லை. கோவில் திருவிழாவில் கொஞ்சம், கட்சிக் கூட்டத்தில் கொஞ்சம், கைப்பேசி விளம்பரத்தில் நிறைய என்று ஊரே சேர்ந்து ஏற்றிவிட்டது. இந்த மேசைக்குப் பின்னால் நின்று நின்று எனக்கு ஒரு கேள்வி பழகிவிட்டது. "இப்படி இருந்தால்தான் ஆம்பளை" என்று யாராவது சொன்னால், அதில் லாபம் பார்ப்பவர் யார், உடம்பைக் கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பவர் யார்?

வியாபாரத்திலிருந்தே தொடங்குகிறேன். என் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.

மலேசியாவில் தொங்காட் அலியைக் கேள்விப்படாத ஆண் இருக்க முடியாது. காட்டுச் செடியின் வேர். மலாய்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கஷாயமாக்கிக் குடித்து வந்தது. அதை யார் குடித்தாலும் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அதைக் கலந்ததாகச் சொல்லி 'ஆண்களுக்கான காபி' என்ற பெயரில் பொட்டலம் பொட்டலமாக விற்கிறார்களே, அதைப் பற்றித்தான். சுகாதார அமைச்சு இவற்றைச் சோதிக்கும்போதெல்லாம் சிலவற்றில் சில்டெனாஃபில், தடாலஃபில் போன்ற, விறைப்புக் கோளாறுக்குக் கொடுக்கும் மருந்துகள் கலந்திருப்பது தெரியவந்திருக்கிறது. இவை மருத்துவர் சீட்டுடன் மட்டுமே நான் கொடுக்கக்கூடியவை. காபித் தூளில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது கலந்தவனுக்கே தெரிந்திருக்காது.

ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவருடைய நெஞ்சுவலி மாத்திரைகளை மாதாமாதம் மனைவிதான் வந்து வாங்கிப் போவார். ஒருநாள் அவரே வந்தார். வாங்குவதற்கு அல்ல, விற்பதற்கு. நண்பர் ஒருவர் மூலமாகக் காபி முகவராகச் சேர்ந்திருக்கிறாராம், கடையில் வைக்க முடியுமா என்று கேட்டு, பத்துப் பொட்டலங்களை மேசைமேல் பரப்பினார். குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து சின்னஞ்சிறு பழுப்புப் புட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. நெஞ்சு வலிக்கும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரை.

"நீங்களும் இந்தக் காபியைக் குடிக்கிறீர்களா அண்ணே?"

"குடிக்காமல் எப்படித் தங்கச்சி விற்பது? அரை மணி நேரத்தில் வேலை செய்கிறது. எல்லாம் மூலிகைதானே!"

"அரை மணி நேரத்தில் வேலை செய்யும் இப்படியொரு மூலிகையை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை அண்ணே."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புட்டியையும் பொட்டலத்தையும் அடுத்தடுத்து வைத்து விளக்கினேன். நைட்ரேட் மாத்திரை இரத்தக் குழாய்களை விரிக்கும். சில்டெனாஃபிலும் விரிக்கும். இரண்டும் ஒன்றுசேர்ந்தால் இரத்த அழுத்தம் சடாரென்று விழும், உயிரே போகலாம். காபி குடித்த இரவில் நெஞ்சு வலித்து, இந்த மாத்திரையை நாக்குக்கடியில் வைத்தால் என்ன ஆகும் என்று அவரே யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பொட்டலங்களை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டவர் வாசல்வரை போய்த் திரும்பிவந்து, "மனைவியிடம் சொல்லிவிடாதே" என்றார். காபியைச் சொல்கிறாரா, பயந்ததைச் சொல்கிறாரா என்று புரியவில்லை. வாடிக்கையாளர் சொல்வதை வெளியே சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை என்று மட்டும் சொன்னேன்.

ஆகவே, எந்தக் காபி, லேகியம், தேன் குடித்திருந்தாலும் நெஞ்சுவலி என்று 999 அழைத்து ஆம்புலன்ஸ் வரும்போது அதை முதலில் சொல்லிவிடுங்கள். மானம் போகாது. சொல்லாவிட்டால் மருத்துவர் தெரியாமல் நைட்ரேட் கொடுத்துவிடக்கூடும்.

பதிவு பெற்ற மருந்து என்றால் பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். பாரம்பரிய மருந்தின் எண்ணில் இறுதியில் 'டி' (T) என்ற எழுத்து வரும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்த்தால் போதும், ஒரு நிமிட வேலை. காபி உணவுப்பொருள் என்பதால் அதற்கு இந்த எண் கிடையாது. கலப்படக்காரர்கள் காபியைத் தேர்ந்தெடுப்பதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம். அதேபோல், மருந்து விளம்பரம் என்றால் 'கேகேஎல்ஐயு' (KKLIU) என்ற அனுமதி எண் வேண்டும். பாலியல் குறைபாட்டைத் தீர்ப்பதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அப்படியென்றால் நள்ளிரவில் உங்கள் கைப்பேசியில் வந்து 'தாம்பத்தியத்தில் தோல்வியா?' என்று கேட்கிறவர் யார்? வெளிநாட்டு எண்ணும் வங்கிக் கணக்கும் வைத்திருக்கும் ஒருவர், அவ்வளவுதான்.

இத்தனை தெம்பு வியாபாரத்துக்கு நடுவில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. விறைப்புக் கோளாறு பல நேரங்களில் நீரிழிவின், இதயநோயின் முன்னறிவிப்பு. உடம்பில் மற்ற இடங்களுக்கு முன் அந்த உறுப்பின் சிறிய இரத்தக் குழாய்களில்தான் அடைப்பு தெரியவரும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. தெம்பு கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியாக இரத்தத்தில் சர்க்கரை பார்த்தது எப்போது?" என்பதுதான். பலருக்குக் கோபம் வருகிறது. சர்க்கரை நோயாளி என்று பெயர் வாங்குவதைவிட நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிக்கொள்வது கௌரவமாக இருக்கிறது போலும்.

முகம் வெளுக்கும் களிம்பு, உடற்பயிற்சிக் கூடத்து ஊசி இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்குமுன் மாப்பிள்ளைகள் இணையத்தில் வாங்கிப் பூசும் களிம்புகளில் பாதரசமும் ஸ்டீராய்டும் அகப்பட்டிருக்கின்றன. முகத்தின் தோல் மெலிந்து சிவந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். ஊசி இன்னும் மோசம். தசை வளரப் போடும் ஆண் ஹார்மோன் ஊசி, உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். விதைகள் சுருங்கும், விந்தணு குறையும். ஆண்மையைக் காட்டப் போட்டுக்கொண்ட ஊசியால் குழந்தை தள்ளிப்போனதும், பரிசோதனைக்கு முதலில் அனுப்பப்படுவது மனைவிதான். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி நேரம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை மலிவானது, வலியில்லாதது. மாமியார்கள் இதைப் படித்தால் நல்லது.

இனித் தைப்பூசம்.

எங்கள் ஊரில் முருகனுக்கு இரண்டு ரதங்கள். நகரத்தார் 1894இல் கொண்டுவந்த வெள்ளி ரதம் ஒன்று, 2017 முதல் ஓடும் தங்க ரதம் இன்னொன்று. இரண்டும் தண்ணீர்மலைப் பக்கம்தான் போகின்றன. மேலே பாலதண்டாயுதபாணியைப் பார்க்க 513 படிகள் ஏற வேண்டும். எங்கள் கடையில் அந்த வாரம் முழுவதும் பஞ்சு, கிருமிநாசினி, கால் எரிச்சலுக்குக் களிம்பு என்று வியாபாரம்.

எனக்குத் தெரிந்தவரை, நம் ஆண்கள் மிக மென்மையாக இருக்கும் நாட்கள் காவடி விரத நாட்களே. குடியில்லை, புகையில்லை, தரையில் படுக்கை, தன் துணியைத் தானே துவைப்பது. யாரைக் கண்டாலும் 'சாமி' என்பது. வீட்டில் அடிதடி செய்பவன்கூட அந்த நாட்களில் மனைவியை 'நீங்கள்' என்று கூப்பிடுகிறான். இத்தனையும் ஒருவனால் முடியும் என்று மதமே நிரூபித்துக் காட்டுகிறது. பூசம் முடிந்த மறுவாரம் அது எங்கே போய்விடுகிறது என்று கோவிலில் யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய இடம் அதுதான்.

அதே விழாவில் இன்னொன்றும் வளர்கிறது. யாருடைய காவடி அதிக எடை, யார் முதுகில் அதிகக் கொக்கி, யார் இழுத்த ரதம் பெரியது என்ற போட்டி. காவடியில் சம்பந்தமில்லாத படங்கள், சாட்டையடி, சுருட்டு எல்லாம் வேண்டாம் என்று மலேசிய இந்து சங்கம் கேட்டுக்கொண்டேதான் வருகிறது. வேண்டுதல் சாமிக்கு, காணொளி யாருக்கு? வழிநெடுக தண்ணீர்ப் பந்தல்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு நிறுவனத்தின் பெயர், அதன் பக்கத்தில் கைகூப்பிச் சிரிக்கும் ஓர் அரசியல்வாதியின் முகம். இரவில் தேங்காய் உடைப்பதிலும் முதல் தேங்காய் யார் கையில் என்பதில் அரசியல் உண்டு. ஒரு பந்தலில் இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் மேசை போடலாமா என்று கேட்டேன். செலவை ஒரு நிறுவனம் ஏற்கத் தயார் என்றார்கள். பெரிய மனசு என்று நினைத்து, என்ன வியாபாரம் செய்கிறார்கள் என்று விசாரித்தால், ஆண்களுக்கான காபி. கும்பிடு போட்டுவிட்டு, கடையிலிருந்த பழைய கருவியையே தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். வரிசையில் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களை அவர்கள்தாம் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

காவடி எடுப்பவர்களுக்கு நான் சொல்வது சில காரியங்கள்தான். விரதத்தை விடச் சொல்லமாட்டேன். ஆனால் கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு ஒருவேளை மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். நெற்றி வியர்ப்பதையும் கை நடுங்குவதையும் சுற்றியிருப்பவர்கள் அருள் என்று நினைத்துவிடக்கூடும். விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் போய் அளவை மாற்றி வாங்குங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் மறுபடி போடுங்கள். அலகு குத்துபவர் ஆளுக்கு ஆள் புது அலகு எடுக்கிறாரா, கையுறை மாற்றுகிறாரா என்று பாருங்கள். கேட்டால் சாமி குத்தம் ஆகாது. நோன்பு மாதத்தில் என் இந்திய முஸ்லிம் வாடிக்கையாளர்களிடமும் இதே பேச்சுத்தான், இதே வீம்புதான்.

அரசியல் என்றதும் மேடையைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். நான் கள்ளுக்கடையை நினைக்கிறேன். என் தாத்தா கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். வெள்ளைக்காரர்கள் காவல்துறைக்குச் சீக்கியர்களைக் கொண்டுவந்தார்கள், அவர்கள் வீரர்களாம். தோட்டத்துக்குத் தமிழர்களைக் கொண்டுவந்தார்கள், நாம் சொன்னதைக் கேட்கும் சாதுக்களாம். யார் எப்படிப்பட்ட ஆண் என்பதை ஆள் பிடிக்கும் அலுவலகமே எழுதி வைத்திருந்தது. அந்தச் சாதுவுக்குச் சம்பள நாளில் வீரம் கிடைத்தது கள்ளுக்கடையில். கொடுத்த கூலி அங்கேயே திரும்பி வந்தது. மிச்ச வீரம் வீட்டில் மனைவிமேல் இறங்கியது. சம்பளத்தன்று பாட்டி என் அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கள்ளுக்கடை வேலியோரம் காத்திருப்பாராம், பாதிப் பணத்தையாவது பிடுங்க.

இதை எதிர்த்தவர்களும் நம் ஆண்கள்தாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் இருந்தது. பெண்களிடம் துரைமார்கள் அத்துமீறுவதை நிறுத்துவதும், துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டிய கட்டாயத்தை ஒழிப்பதும் இருந்தது. சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. யாரையும் அடிக்காமல் நிமிர்ந்து உட்காரும் உரிமையை மட்டும் கேட்டது அது. போருக்குப் பின் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டிய ஏ.எம். சாமியின் தொண்டர் படை 1947இல் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. அதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இங்கிருந்து தமிழ்ப் பெண்கள் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். கோலாலம்பூரின் ஜானகி தேவர் அப்படிப் போனவர். பிறகு மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் தொடக்கக் காலத்தில் பங்கெடுத்து, செனட்டராகவும் இருந்தார். துப்பாக்கி பிடித்தவர்களின் பேத்திகளை இன்றைக்கும் கட்சிக் கூட்டத்தில் குத்துவிளக்கு ஏற்றத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆண் யார் என்பதைச் சட்டமும் இப்படித்தான் வரைந்திருக்கிறது. முஸ்லிமல்லாதவருக்கு ஒரே மனைவி என்ற சட்டம் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை மலேசியர் என்றால் குடியுரிமை உண்டு. தாய் மட்டும் மலேசியர் என்றால் அந்த உரிமை தானாகக் கிடைக்காது என்றிருந்ததை மாற்றும் திருத்தத்தை 2024 அக்டோபரில்தான் மக்களவை நிறைவேற்றியது.

இன்றைய கள்ளுக்கடை வேறு. கொடி கட்டவும், பதாகை தூக்கவும், எதிரணிக் கூட்டத்தில் நாற்காலியை நகர்த்தவும் பையன்கள் தேவைப்படுகிறார்கள். படிப்பை விட்டவனை 'தம்பி, சிங்கம்' என்று முதுகில் தட்டும் முதல் பெரிய மனிதர், பள்ளி ஆசிரியராக இருப்பதில்லை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. நம் பையன்கள் நிறைந்தவையும் அதில் இருந்தன. வெட்டுக்காயத்துக்குத் தையல் போடாமல் ஒட்டும் பிளாஸ்டர் கேட்டு வரும் பையனிடம் நான் காரணம் கேட்பதில்லை. காயத்தைப் பார்க்கிறேன், மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறேன். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்பேன். பதில் வராது. ஆனால் அவன் கொஞ்ச நேரம் நிற்பான். அந்த நேரத்தில் பேசலாம்.

பேச்சு என்றதால் இதையும் சேர்க்கிறேன். இங்கே தற்கொலை முயற்சி 2023 வரை குற்றமாகவே இருந்தது; இப்போது அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. சுகாதார அமைச்சின் 15555 எண்ணை யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். தூக்க மாத்திரை கேட்டு வருபவரிடம் இந்த எண்ணை மருந்து உறையின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பேன். தாளாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், உறையாகக் கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

கடையில் நான் செய்த மாற்றங்கள் சிறியவை. இரத்த அழுத்தக் கருவியை வாசலிலிருந்து உள்ளே, அலமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்; ஆண்கள் உட்கார ஆரம்பித்தார்கள். கணவனின் மருந்தை மனைவி வாங்கவரும்போது, அடுத்த மாதம் அவரையே அனுப்பச் சொல்லி விடாப்பிடியாகக் கேட்கிறேன். "அவருக்கு நேரமில்லை" என்று சொல்லும் மனைவிக்கும் வேலை இருக்கிறது. மனைவி பொறுப்பேற்றுக்கொண்டே இருந்தால், தன் மாத்திரையின் பெயர் தெரியாத ஆண்தான் மிஞ்சுவான். மயங்கி விழுந்த இடத்தில் மனைவி பக்கத்தில் இருப்பார் என்று என்ன நிச்சயம்?

இளம் கணவர்களிடம் வேறொன்று சொல்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவன், மனைவிக்கு எட்டாவது மாதத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்க வந்தான். பிரசவ விடுப்பு எடுப்பாயா என்று கேட்டேன். மேற்பார்வையாளர் "பிள்ளை பெறப்போவது நீயா?" என்று எல்லோர் முன்னிலையிலும் சிரித்தாராம், அதோடு விட்டுவிட்டானாம். வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் திருமணமான ஆண்களுக்கு 7 நாள் தொடர்ச்சியான சம்பள விடுப்பு இருக்கிறது. ஐந்து பிரசவங்கள் வரை. அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், பிரசவ நாளுக்கு 30 நாள் முன்பாவது தெரிவிக்க வேண்டும். வாயால் சொன்னால் சிரிப்பார்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள் என்றேன். அப்படியே செய்தான். மனிதவளப் பிரிவு மறுபேச்சில்லாமல் கொடுத்தது. அந்த மேற்பார்வையாளருக்கே அப்படி ஒரு விடுப்பு இருப்பது அப்போதுதான் தெரிந்ததாம். மறுத்திருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்திருக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.